ஜீப்புக்கு ஒரு கேஸ் ஷீட்

மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரம் கிலோமீட்டர் ஓடிய ஜீப்பை யாராவது ஆசைப்பட்டு வாங்குவார்களா? சிஸ்டர் வாங்கினாள்.

அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்களே கிடையாது, எல்லாருக்கும் சிஸ்டர்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருபத்திரண்டு வருட சர்வீஸ். அதில் பதினொரு வருடமாக செவ்வாயும் வெள்ளியும் மலைக்கு மேலே போய், அங்கிருக்கும் நாற்பது வீடுகளுக்கு ஊசி, மாத்திரை, கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை. போன மாதம் ஆஸ்பத்திரி ஜீப் படுத்தது படுத்ததுதான், எழுந்திருக்கவில்லை. புது வண்டி கிடையாது என்று மேலிடம் கையை விரித்துவிட்டது. சொந்த வண்டி வைத்திருந்து, அது இருபதாம் தேதி வண்டிப் பரிசோதனையில் தேறினால் மலைக்குப் போகலாமாம். தேறாவிட்டால் மேலே இருக்கிற ஊசி அறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டுமாம். பூட்டினால், நாள் பார்த்துச் சொல்லவோ வண்டியில் கூட்டி வரவோ ஆளில்லாமல் நிறைமாதக்காரிகள் ஒரு மாதம் முன்னாலேயே மூட்டை கட்டிக்கொண்டு கீழே வந்து, யார் வீட்டு மூலையிலோ ஒண்டிக் கிடக்க வேண்டும். உட்கார்ந்த இடத்தில் கையெழுத்துப் போடுகிற மகராசன்களுக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது!

"இந்தக் கிழத்தைக் கட்டிக்கிட்டு நீ என்ன பண்ணப் போற?" என்றார் கணவர். தையல்காரர், வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டே வம்பு பேசக்கூடியவர்.

"உங்களைக் கட்டிக்கிட்டு இத்தனை வருஷம் ஓட்டலையா? இதையும் ஓட்டிடுவேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. வார்டில் செய்வது போலவே ஒரு அட்டையில் தாளைச் செருகி, ஜீப்புக்கு கேஸ் ஷீட் போட்டுவிட்டாள். முந்தைய சிகிச்சை என்ற இடத்தில் 'தெரியாது' என்று எழுதினாள். பழைய முதலாளி எதை எப்போது மாற்றினார் என்று ஒரு துண்டுச் சீட்டுக்கூட வைத்திருக்கவில்லை. அதனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

வேலை பார்த்த மெக்கானிக்குக்கு நிதானம் என்று பட்டப்பெயர். அது அவரிடம் மருந்துக்கும் கிடையாது என்பதால் வைத்த பெயர். ஒரு நட்டைக் கழற்றும்போதே அடுத்த நட்டின் மேல் கண் போய்விடும். ஆனால் கை சுத்தம். இன்ஜினிலிருந்து வடிந்ததைப் பார்த்துவிட்டு, "இது ஆயில் இல்ல சிஸ்டர், ரோடு போடலாம்" என்றார். கியர் ஆயில், பில்டர்கள், ரேடியேட்டர் குழாய்கள், பெல்ட், இண்டு இடுக்கெல்லாம் கிரீஸ் என்று பத்தே நாளில் ஷீட்டில் டிக் ஏறிக்கொண்டே போனது. முரண்டு பிடித்த கியர் வழுக்கிக்கொண்டு விழுந்தது. காலையில் ஒரே சாவியில் இன்ஜின் பிடித்த அன்று சிஸ்டர் அதன் பானெட்டைத் தட்டிக்கொடுத்தாள்.

பின் சக்கரங்கள் மட்டும் உயிரை வாங்கின. அச்சிலிருந்து எண்ணெய் கசிந்து பிரேக்கை நனைத்தது. எண்ணெயைத் தடுக்கிற 'சீல்' என்னும் ரப்பர் வளையத்தை மாற்றினார் நிதானம். நான்கே நாளில் மறுபடி கசிந்தது. பட்டறையில் நாலு பேர் நிற்கும்போதே, "மட்டமான சீலை மாட்டி என் தலையில கட்டுறீங்களா?" என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். அவர் வேறு கடைக்கு அலைந்து நல்ல சீலாகத் தேடி வாங்கி வந்து மாட்டினார். அதுவும் கசிந்தது.

பத்தொன்பதாம் தேதி காலை, கடைத்தெரு வரை போய்விட்டுத் திரும்பியவள் சக்கரத்தைப் பார்த்தாள். எண்ணெய் மினுமினுத்தது. விடிந்தால் பரிசோதனை. காயத்தைக் கழுவாமல் கட்டுப் போடக் கூடாது என்பது அவள் பாடம். மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கும் பிரஷுமாக ஜீப்புக்கு அடியில் புகுந்து, பின் அச்சை அங்குலம் அங்குலமாகத் தேய்த்தாள். அச்சின் உச்சியில், விரல் பருமன்கூட இல்லாத ஒரு குழாயின் வாயில் அழுக்கேறிய பிளாஸ்திரி.

மூன்று சுற்று. உரிக்க வசதியாக நுனி மடித்திருந்தது. அப்படி மடிக்கிற கை இந்த உலகத்திலேயே ஒன்றுதான். வண்டி வீட்டுக்கு வந்த அன்று அடியில் கழுவும்போது, ஒரு குழாய் வாயைப் பிளந்துகொண்டு இருக்கிறதே, தூசி போய்விடுமே என்று சுற்றியது அவள்தான். திறந்து கிடப்பதைக் கண்டால் மூடாமல் இருக்க அந்தக் கைக்குத் தெரியாது. கேஸ் ஷீட்டில்கூட எழுதவில்லை. இப்போது உரித்ததும் 'புஸ்'ஸென்று காற்று முகத்தில் அடித்தது.

ஐயோ, அந்த மனுஷனை நாலு பேர் முன்னால் என்ன பேச்சுப் பேசினோம்! பிளாஸ்திரியைக் குப்பையில் போட்டால் யாருக்கும் தெரியாது. போடத்தான் தோன்றியது. ஆனாலும் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு பட்டறைக்கு ஓட்டினாள்.

"அண்ணே, உங்க மேலயும் தப்பில்ல, சீல் மேலயும் தப்பில்ல. எல்லாம் நான் பண்ணின வேலை." அங்கே நின்ற எல்லார் காதிலும் விழும்படிதான் சொன்னாள்.

நிதானம் பிளாஸ்திரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அச்சு சூடானா உள்ள இருக்கிற காத்து விரியும் சிஸ்டர். அது வெளிய போறதுக்கு இருந்த ஒரே வழி இதுதான். நீங்க மூக்கைப் பொத்திட்டீங்க, அது சீலைத் தள்ளிக்கிட்டு வந்திருக்கு." பிறகு தன் தலையில் தானே தட்டிக்கொண்டார். "ரெண்டு தடவை கழட்டினேனே, ஒரு தடவையாவது மேல கையை வெச்சுப் பார்த்தேனா? பாழாப்போன அவசரம்."

"மன்னிச்சிடுங்கண்ணே."

"அதை விடுங்க. வேற எதையாவது மூடி வெச்சிருந்தா இப்பவே சொல்லிடுங்க!"

பட்டறையே சிரித்தது, அவளும் சிரித்தாள். சாயங்காலத்துக்குள் புது சீலும் புது பிரேக் ஷூவும் ஏறிவிட்டன.

மறுநாள் பரிசோதனை அதிகாரி சரிவில் நிறுத்திப் பார்த்தார், சக்கரத்தைத் துணியால் துடைத்துப் பார்த்தார். துணி காய்ந்தே இருந்தது. சிஸ்டர் அடக்கி வைத்திருந்த மூச்சை அவர் முத்திரையை ஓங்கிக் குத்திய பிறகுதான் விட்டாள்.

வெள்ளிக்கிழமை ஜீப் மலையேறியது. கடைசி வளைவில், நிறைமாத வயிற்றோடு ஒருத்தி எதிரே இறங்கி வந்துகொண்டிருந்தாள். தலையில் மூட்டையோடு பின்னால் அவள் புருஷன். சிஸ்டர் வண்டியை நிறுத்தினாள்.

"ஊசி ரூமைப் பூட்டிட்டாங்கன்னு சொன்னாங்க சிஸ்டர். அதான் கிளம்பிட்டோம்."

"எவன் சொன்னான்? சாவி என்கிட்ட இருக்கு. ஏறு, வீட்டுக்குப் போகலாம்."

அவள் நம்பாமல் ஜீப்பையும் சிஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கதவைப் பிடித்து ஏறி உட்கார்ந்தவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"சீக்கிரம் போங்க சிஸ்டர். பெரிய பொண்ணைப் பக்கத்து வீட்ல விட்டுட்டு வந்துட்டேன். இன்னும் அழுதுக்கிட்டுதான் இருப்பா."