நான்காம் தொட்டியில் பச்சை

கழிவுநீர் நிலையத்துத் தொட்டிக்காரரை எல்லோரும் 'மோப்பம்' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடச் சேவையில் அவர் சந்தேகப்படாத ஆள் கிடையாது. மனைவி "டீயில சர்க்கரை போட்டாச்சு" என்றால், கரண்டியை நக்கிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்.

இப்பேர்ப்பட்டவரின் முதல் தொட்டியில் ஆய்வுக்கூட மேடம் ஒரு பாட்டில் பாக்டீரியாவை ஊற்றினார். சாயக்கழிவைத் தின்பதற்காக மரபணுவை மாற்றி வளர்த்தவை. நீல விளக்கில் பச்சையாக மின்னும்படி அடையாளமும் வைத்திருந்தார்.

"ஏழே நாள்தான் அண்ணே. இங்க இருக்கிற பழைய பாக்டீரியாவோட போட்டி போட முடியாம தானா செத்துடும்."

"அதை அதுங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

எட்டாம் நாள், நிலையத்தில் 'ஒன்றுகூட உயிரோடு இல்லை' என்று மோப்பம் கையெழுத்துப் போட வேண்டும். சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்: "போட்டப்புறம் ஒண்ணு தலைகாட்டினாலும் உன் வேலை போச்சு."

அன்றிலிருந்து மோப்பம், தொட்டிப் பக்கம் வந்த காகத்தைக்கூட முறைத்தார். பம்பு பார்க்க வந்த மச்சானின் பூட்ஸைக் கழற்றச் சொன்னார்.

"பொண்ணு குடுத்த வீட்டை இப்படியா மாமா சந்தேகப்படுறது?"

"பொண்ணைத்தான் நம்பிக் கட்டினேன். பூட்ஸை இல்ல."

எட்டாம் நாள். முதல் தொட்டியில் எடுத்த மாதிரியில் ஒரு பச்சைப் புள்ளிகூட இல்லை. மேடம் பேனாவை நீட்டினார். மோப்பம் வாங்கவில்லை.

"மத்த தொட்டியையும் பாருங்க."

எல்லாத் தொட்டியிலும் மாதிரி எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து, நான்காம் தொட்டியில் எடுத்த மாதிரி நீல விளக்கடியில் பச்சைப்பசேலென்று சிரித்தது. முதல் தொட்டிக்கும் அதற்கும் குழாய்த் தொடர்பே கிடையாது.

"எவனோ கொண்டுபோயிருக்கான்!" மோப்பத்திடம் பட்டியல் தயாராக இருந்தது: காகம், மச்சான், பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர்.

மேடம் மெதுவாகக் கேட்டார்: "போன வாரம் நாலாம் தொட்டியில பழைய பாக்டீரியா சோர்ந்துபோய் நாறுச்சாமே. எப்படிண்ணே சரியாச்சு?"

"எப்பவும் பண்றதுதான். நல்லா இருக்கிற தொட்டியிலேருந்து ஒரு வாளி சேறு அள்ளி ஊத்துவேன். ரெண்டே நாள்ல..."

போன வாரம் நன்றாக இருந்தது முதல் தொட்டி.

மூலையில் கவிழ்ந்திருந்த வாளியை மூவரும் பார்த்தார்கள்.

"வாளியை யாரு பார்த்தா? முதல் தொட்டியை மட்டும் எழுதிக் கையெழுத்தைப் போடுப்பா," என்றார் சூப்பர்வைசர்.

மோப்பம் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பேனாவை வாங்கி, 'நான்காம் தொட்டியில் உயிரோடு இருக்கிறது. கொண்டுபோனது நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாளியை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை மேடத்திடம் நீட்டி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"நீங்களே வச்சுக்கங்க. இந்த ஆளை நம்ப முடியாது."