அழுகிய பழத்தைத் தேடியவர்

முதலமடையில் காளிச்சாமியின் மாந்தோப்புக்கு வழி கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். அவருடைய வண்டியைக் கேட்டால் எல்லாரும் சிரித்துக்கொண்டே கை காட்டுவார்கள். படுக்கை, கேஸ் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் உள்ளேயே வைத்த பழைய கேம்பர் வேன் அது. கம்பெனி அந்த மாடலைத் தயாரிப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது. உதிரிப் பாகம் எங்கும் கிடைக்காது. கிடைக்காததாலேயே அவருக்கு அதன்மேல் அப்படியொரு பிடிவாதம். உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் ஏறி இறங்கி, லாரியின் வைப்பர் மோட்டாரை வாங்கி இதில் பொருத்தினார். கதவுக் கைப்பிடியைக் கொல்லங்கோட்டு லேத்தில் கடைந்து வாங்கினார். கடைக்காரன் இல்லை என்று சொன்னால்தான் மனுஷனுக்கு உற்சாகமே பிறக்கும்.

இந்த முறை அடுப்புக்குப் போகும் கேஸ் குழாய். சரியான அளவு எங்கும் இல்லை. வீட்டு அடுப்புக் குழாயை வெந்நீரில் போட்டு இளக்கி, இழுத்துச் சொருகி, கிளிப் போட்டு முறுக்கினார். அதோடு விட்டாரா? வண்டிக்குள் செம்புழுதி ஏறுகிறது என்று மனைவி மயிலாத்தாள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். காய் பழுக்கப்போடும் அறையில் காற்று நுழையாதபடி இண்டு இடுக்கெல்லாம் அடைத்துப் பழகிய கை அவருடையது. வண்டியையும் அப்படியே துணியும் தாரும் வைத்து அடைத்தார். சிலிண்டர் நிற்கும் பெட்டியின் அடியில்கூட ஒரு ஓட்டை இருந்தது. எந்த மடையன் இங்கே ஓட்டை போட்டான் என்று திட்டிக்கொண்டே அதையும் அடைத்தார்.

மகள் அனுப்பிரியாவுக்குத் தேவிகுளம் தாலுக்கா ஆபீசில் வேலை. அவளுக்கு ஒரு பெட்டி மாம்பழம் எடுத்துக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். மறையூர் தாண்டியதும் ரோடு வண்டியைக் குலுக்கி எடுத்தது. எஞ்சின் சூடாகவே, ஒரு தேயிலைத் தோட்ட வளைவில் ஓரம் கட்டினார். சாரலும் குளிருமாக இருந்ததால் ஜன்னலெல்லாம் மூடியிருந்தது.

"ஏனுங்க, அழுகல் நாத்தம் அடிக்குதுங்க," என்றாள் மயிலாத்தாள்.

அவருக்கும் அடித்தது. "பெட்டில ஒன்னு கெட்டுப்போச்சாட்ட இருக்குது. அது மத்ததையும் கெடுத்துப்போடும்," என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி, குளிர் உள்ளே போகாமலிருக்கக் கதவைச் சாத்தினார்.

"நான் டீ வெக்கறனுங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ரோட்டோரம் சாக்கை விரித்து, ஒவ்வொரு பழமாக எடுத்து அமுக்கிப் பார்த்தார், காம்பை மோந்து பார்த்தார். எல்லாம் தேன் மாதிரி வாசம். அடி வைக்கோல் தட்டுப்பட்டபோதும் ஒரு பழம்கூடக் கெட்டிருக்கவில்லை.

அப்படியானால் அந்த நாற்றம்?

மயிலாத்தாள் டீ வைப்பதாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. ஓடிப்போய்க் கதவை இழுத்தார். நாற்றம் முகத்தில் அறைந்தது. மயிலாத்தாள் அடுப்புக்கு முன்னால் நின்று லைட்டரை உள்ளங்கையில் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் மணிக்கட்டைப் பிடித்து அப்படியே வெளியே இழுத்தார்.

"அக்கட்டால போ புள்ள. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போ."

மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய்ச் சிலிண்டரை மூடினார். குழாய் கிளிப்பிலிருந்து நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. கதவு ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டும் தரையோரத்து நாற்றம் நகரவில்லை. வண்டிக்கு அடியில் படுத்து, சிலிண்டர் பெட்டியின் அடைப்பைக் குச்சியால் குத்தித் தள்ளினார். நாற்றம் அந்த வழியாக அவர் முகத்திலேயே இறங்கியது. கசியும் கேஸ் கீழே இறங்கி வெளியே போவதற்கென்றே வைத்த ஓட்டை அது. அதைப் போட்டவன் மடையன் இல்லை.

எழுந்து ரோட்டைக் கடந்து அவளிடம் போனார்.

"கேஸு, புள்ள. போற வழிய நாந்தான் அடைச்சுப்போட்டேன். நீ மட்டும் பத்த வெச்சிருந்தீன்னா..."

மயிலாத்தாள் இன்னும் கையிலிருந்த லைட்டரைப் பார்த்தாள்.

"வெச்சனுங்க," என்றாள் மெதுவாக. "ரெண்டு மூணு வாட்டி அமுக்கினேன். பொறியே வரலீங்க. உங்களைக் கூப்பிட்டு ரிப்பேர் பண்ணித் தரச் சொல்லலாம்னு இருந்தேன், அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க."

காளிச்சாமி ஈர ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.