காலனியின் இரண்டு கட்டங்கள்

வடக்குமேட்டுக் காலனியில் போய் மாலதிக்கு என்ன வேலை என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். அவள் அம்மா தைலம்மாள், "தண்ணிக் கணக்கு படிக்கிறா" என்பாள். தம்பி ராபர்ட், "ரிசர்ச்" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்வான். எதிர்வீட்டுப் பட்டம்மாளுக்கு மட்டும் சந்தேகமே கிடையாது. "மழ வருமா வராதான்னு கவர்மெண்டுக்கே அவதான் சொல்றா." மாலதி எத்தனையோ முறை திருத்திப் பார்த்தாள். கவர்மெண்ட் தன்னிடம் எதுவும் கேட்டதில்லை, மழையைப் பற்றித் தனக்குத் தெரியாது, பெய்த மழை ஆற்றுக்கு வந்த பிறகு எங்கெங்கே போகும் என்பதுதான் தன் ஆராய்ச்சி என்று விளக்கினாள். பட்டம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதத்தான நானும் சொல்றேன்" என்றாள்.

அண்ணாமலை நகரில் ஒரு லாட்ஜில் தங்கி, கணக்கில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள் மாலதி. வெள்ளாற்றங்கரையைக் கம்ப்யூட்டருக்குள் சதுரம் சதுரமாக வெட்டி வைத்திருந்தாள். ஒவ்வொரு கட்டமும் நூறு மீட்டருக்கு நூறு மீட்டர். ஒவ்வொன்றுக்கும் தரை உயரம் இவ்வளவு என்று ஓர் எண், அது செயற்கைக்கோள் அளந்து கொடுத்தது. சேத்தியாத்தோப்பு அணைக்கட்டில் இத்தனை கன அடி திறந்தால் எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்குத் தண்ணீர் எப்போது போகும் என்று சமன்பாடுகள் சொல்லும். தண்ணீர் ஏறும் கட்டம் நீலமாகும், ஏறாத கட்டம் வெள்ளையாகவே இருக்கும். இதற்கு மாடல் என்று பெயர். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். மாலதி ஆற்றையே அளந்துகொண்டிருந்தாள்.

அவள் கணக்கைக் காலனி நம்ப ஆரம்பித்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஐப்பசி கார்த்திகையில் ஆற்றில் தண்ணீர் கூடினால், ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து எல்லோரையும் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்வார்கள். பள்ளிக்கூடம் மேட்டில், ஊர்த்தெருவில் இருக்கிறது. போனால் வராந்தாவில் ஈரத் தரையில் படுக்க வேண்டும். கக்கூஸ் பூட்டியிருக்கும், சாவி யாரிடம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. குழாயடியில் யாராவது வாய்விட்டுச் சொல்லாமலே முகத்தைச் சுளிப்பார்கள். பாதி வருஷங்களில் தண்ணீர் வரவே வராது, அவமானம் மட்டும் வந்துவிட்டுப் போகும். அப்படியொரு மழையில் மாலதி மாடலைப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை போக வேண்டாம் என்று சொன்னாள். சொன்னபடியே தண்ணீர் வரவில்லை. அன்றிலிருந்து அணைக்கட்டை விடக் காலனி அவளைத்தான் நம்பியது.

போன கார்த்திகையில் ஒரு மத்தியானம் ராபர்ட் போன் செய்தான்.

"அக்கா, மைக் வந்து சொல்லிட்டுப் போயிட்டான். எம்பதாயிரம் தொறக்கப் போறாங்களாம். அப்பாவ என்னா பண்றது?"

அதுதான் கேள்வி. அப்பா பொன்னுரங்கத்துக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டிருந்தது. கட்டிலோடு தூக்க நாலு ஆள் வேண்டும். ஆட்களை ஏற்றிப்போக ஊர்த்தெரு அறிவழகனின் டிராக்டர் தயாராக நின்றது. அவர் நல்ல மனுஷன், முகம் சுளிக்காதவர். ஆனால் டிராக்டரில் தூக்கிப்போட்டு, வராந்தாவில் நாலு பேர் பார்க்க அப்பாவுக்கு ஒண்ணுக்குப் பிடித்துவிட வேண்டும். போன தடவை அப்பா அதற்காக ஒருநாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் கிடந்தார்.

"பத்து நிமிஷம் இரு" என்றாள் மாலதி. மாடலுக்கு எண்பதாயிரம் என்ற எண்ணைக் கொடுத்தாள். நீலம் கரையைத் தாண்டி வயல்களில் பரவியது. காலனி இரண்டு கட்டங்களில் அடங்கிவிடும், மூன்றே தெரு. அந்த இரண்டும் வெள்ளையாக நின்றன. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படித்த படிப்பு அப்பாவை ஓர் அவமானத்திலிருந்து காப்பாற்றுகிறது, வேறென்ன வேண்டும்.

"நம்ம தெருவுக்கு வராது. அப்பாவ அசைக்க வேணாம்."

"சரிக்கா" என்றான் ராபர்ட். பின்னால் யாரோ கேட்பதும், அவன் "அக்கா பாத்துட்டாங்க, வராதாம்" என்று உரக்கச் சொல்வதும் கேட்டது. அறிவழகனின் டிராக்டர் காலியாகவே திரும்பிப் போனது.

மறுநாள் காலை அவள் லேபில் இருந்தபோது மறுபடி போன் வந்தது. ராபர்ட் சத்தமில்லாமல் பேசினான். அப்பாவுக்குக் கேட்கக் கூடாது என்று போலிருக்கிறது.

"அக்கா, தண்ணி வாசப்படிக்கு வந்துட்டுது."

"எந்த வூட்டு வாசப்படிக்கு?"

"நம்ம வூட்டுக்குத்தான்."

மாலதி மாடலைத் திறந்து காலனியின் கட்டங்களைத் தொட்டு உயரத்தைப் பார்த்தாள். மாடலில் காலனி இவ்வளவு மேடா என்று முதல் முறையாக அவளுக்கு உறைத்தது. கட்டங்களின் எல்லையைப் பார்த்தாள். இரண்டிலும் ஒரு பாதியில் காலனி. மறு பாதியில் ஊர்த்தெரு, கோயில், பள்ளிக்கூடம். மேட்டையும் பள்ளத்தையும் கூட்டி, சராசரி எடுத்து, ஒரே எண்ணாகக் கொடுத்திருந்தது செயற்கைக்கோள். ஊரும் காலனியும் ஒரே உயரத்தில் நின்ற ஒரே இடம் அவள் மாடல்தான்.

வேறு யாராவது செய்திருந்தால் தெரியாமல் செய்த தப்பு என்று விட்டுவிடலாம். அந்த ஏற்றத்தில் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளை மிதிக்க முடியாமல் இறங்கித் தள்ளியவள் அவள். இறங்கித் தள்ளும்போது ஊர்ப் பிள்ளைகள் மேலிருந்து பார்ப்பார்கள். காலுக்குத் தெரிந்த மேடு கணக்குப் போடும்போது எங்கே போனது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். நாற்பதாயிரம் கட்டங்களில் இந்த இரண்டையாவது சரிபார்த்திருக்கலாம்.

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். "புவனகிரி வரைக்கும்தான் பஸ்சு, அதுக்கு மேல ரோட்டுல தண்ணி" என்றார் கண்டக்டர். ஆட்டோக்காரர்கள் தலையை ஆட்டினார்கள். கன்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டால், பெயரையும் ஊரையும் மரியாதையாகக் கேட்டு, படகு வரிசைப்படி வரும் என்றார்கள். ராபர்ட்டின் போன் அணைந்துவிட்டது. சிதம்பரத்தில் பளிச்சென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கவே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

லேபுக்கே திரும்பி வந்தாள். போக வேறு இடம் இல்லை. காலனியின் கட்டங்களைச் சின்னச் சின்னதாக வெட்டினாள். ஒவ்வொரு வீட்டின் உயரத்தையும் தன் ஞாபகத்திலிருந்து போட்டாள். பட்டம்மாள் வீட்டுக்கு மூன்று படி, தங்கள் வீட்டுக்கு ஒன்று. மறுபடி ஓடவிட்டாள். கம்ப்யூட்டர் நிதானமாகக் கணக்குப் போட்டது. முதலில் கடைசித் தெரு நீலமானது, பிறகு நடுத்தெரு, பிறகு அவர்கள் வீடு. அப்பாவின் கட்டில் இருக்கும் இடம் எது என்று அவளுக்குத் தெரியும். கட்டில் உயரத்துக்குத் தண்ணீர் எப்போது வரும் என்பதும் இப்போது தெரிந்தது. அந்த நேரம் ஏற்கெனவே தாண்டியிருந்தது.

அங்கே நடந்தது அவளுக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. அண்டை வீட்டார் கைகொடுத்து மேசைமேல் கட்டிலைத் தூக்கி வைக்க, இடுப்பளவுத் தண்ணீரில் ராபர்ட்டும் தைலம்மாளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு பொழுதெல்லாம் நின்றிருந்தார்கள். சாயங்காலம் படகு வந்தது. காலனியில் ஒருவரும் சாகவில்லை என்று பேப்பரில் போட்டார்கள். அது உண்மைதான். நனைந்து கிடந்த பொன்னுரங்கத்துக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. கடலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் முடிந்ததைச் செய்தார்கள். வெள்ளம் வடிந்த பிறகு செத்தவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்.

யாராவது ஒரு வார்த்தை திட்டியிருந்தால் மாலதிக்குத் தேவலையாக இருந்திருக்கும். சாவு வீட்டில் அவளே எல்லோரிடமும் சொன்னாள். தப்பு என்னுடையது, கட்டத்தைத் தப்பாக வைத்துவிட்டேன், மேட்டையும் பள்ளத்தையும் ஒன்றாகப் போட்டுவிட்டேன். பட்டம்மாள் அவள் தலையைத் தடவி, "அணக்கட்டுக்காரன் ஜாஸ்தியா தொறந்துட்டான், நீ என்னா பண்ணுவ" என்றாள். மாலதி இல்லை இல்லை என்று அழுதாள். பாவம், அப்பா மேல் எவ்வளவு பிரியம் என்றார்கள்.

அவளுடைய கைடு பேராசிரியர் மணவாளன் தங்கமானவர். விஷயத்தைக் கடைசிவரை கேட்டார். பிறகு, திருத்திய கட்டங்களோடு மாடலை முழுக்க ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஓட்டினாள். ஆற்றங்கரை முழுவதற்குமாக மாடலின் பிழை எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால், ஒன்றுமே குறையவில்லை. நாற்பதாயிரத்தில் இரண்டு கட்டம் எந்த மூலைக்கு?

"உன் மாடல் முன்னாடியும் நல்ல மாடல்தாம்மா" என்றார் மணவாளன். ஆறுதலாகத்தான் சொன்னார். அதை விடக் கொடுமையாக யாரும் அவளிடம் பேசியதில்லை.

இந்த வருஷமும் கார்த்திகை வந்தது. அணைக்கட்டில் தண்ணீர் கூடியது, மைக் கட்டிய ஆட்டோவும் வந்தது. தைலம்மாள் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள் என்பது சத்தத்திலேயே தெரிந்தது, தெருவே கூடி நின்றது.

"மாலதி, என்னா சொல்ற? நீ சொன்னாதான் போவோம்னு எல்லாரும் நிக்கறாங்க."

"என்னக் கேக்காதம்மா. மைக்ல சொன்னா போயிடுங்க."

"அவன் எப்பவும்தான் சொல்றான்" என்று பட்டம்மாளின் குரல் குறுக்கே வந்தது. "நீ பாத்துச் சொல்லும்மா."

மாலதி மாடலைத் திறக்கவே இல்லை. "பாத்துட்டேன். தண்ணி வரும். போயிடுங்க" என்றாள்.

தெருவில் சலசலப்பு எழுந்து, பாத்திரங்களை எடுக்கும் சத்தம் கேட்டது. தைலம்மாள் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதருகே கொண்டுபோனாள்.

"சரிம்மா, கெளம்பறோம். நீ ஒண்ணும் கவலப்படாத. இந்த தடவ சீக்கிரமாப் போயிடலாம். தூக்கிகினு போவ வேண்டிய ஆளுதான் இப்ப இல்லியே."