தேதி போடாத கடிதங்கள்

பண்ணைக்காட்டிலிருந்து போன் வந்தபோது நான் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடையில் இருந்தேன். மிகப் பெரிய பதவியில் இருந்த ஒருவர் ராஜினாமா செய்துவிட்ட செய்தி டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்து யார் என்று நாலு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். "சார் போயிட்டாருங்க. வெள்ளனே காப்பி காயப்போடப் போனவரு, களத்துலயே விழுந்து கெடந்தாரு" என்றார் தோட்டத்தில் வேலை பார்க்கும் முருகாயி. அந்த நேரத்தில் எனக்கு முதலில் தோன்றியதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இந்த ராஜினாமாவைப் பற்றி இனி அவரிடம் கேட்க முடியாதே என்றுதான் நினைத்தேன்.

இருதயராஜ் சாரை ஊரில் பலருக்கும் காப்பியும் மிளகும் போட்டிருந்த பென்ஷன்காரராகத்தான் தெரியும். தலைநகரில் நாட்டின் உச்சியில் இருந்த ஓர் அலுவலகத்தில் முப்பது வருடம் ஸ்டெனோவாக இருந்தவர் அவர். நான் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். பெரிய இடத்தில் யாராவது விலகினால் அடுத்த ஜீப்பைப் பிடித்து அவரிடம் போய்விடுவேன். "ஒடம்பு சரியில்லைன்னு காரணம் போட்டிருக்காங்களா? அப்ப முந்தின நாள் வரைக்கும் அந்தாளு குத்துக்கல்லாட்டம் இருந்திருப்பாரு" என்பார். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

ஒருமுறை மிளகு பறித்துக்கொண்டே அந்த அலுவலகத்து வழக்கம் ஒன்றைச் சொன்னார். பதவியேற்பு நாளன்றே ஒவ்வொரு மந்திரியிடமும் ஒரு ராஜினாமாக் கடிதம் வாங்கிவிடுவார்களாம். கையெழுத்து இருக்கும், தேதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கும். தலைவருக்கு எப்போது வேண்டுமோ அப்போது தேதியைப் போட்டுக்கொள்ளலாம். கடிதங்களை டைப் செய்ததும் பீரோவில் பூட்டிவைத்ததும் இருதயராஜ் சார்தான். "மாலை போடுற அன்னிக்கே பாடையும் கட்டி வச்சிருவோங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

எந்த ஆட்சி, எந்தப் பதவி என்று இங்கே எழுதமாட்டேன். அதைச் சொல்லும் உரிமை வேறொருவருடையது. ஓர் ஒப்பந்த ஊழல் வெடித்தது, தலைவரின் மகன் பெயர் அடிபட்டது. திடீரென்று ஒரு நாள், இரண்டாம் இடத்தில் இருந்தவர் முழுப் பொறுப்பையும் ஏற்று விலகிவிட்டதாக அறிவித்தார்கள். அவரோ மனைவியோடு ரயிலில் இருந்தார். இறங்கிய இடத்தில் நிருபர்கள் சொல்லித்தான் தான் விலகியதே அவருக்குத் தெரியும். முறைப்படி அவருக்கு வந்திருக்க வேண்டிய நாற்காலியில் பின்னால் அந்த மகன் உட்கார்ந்தார். விலகியவரோ திருடன் என்ற பெயரோடு செத்தார்.

போன புரட்டாசியில் அவருடைய மகள் என்னைத் தேடிவந்தார். சமவெளியில் ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியை. நான்தான் அவரைப் பண்ணைக்காட்டுக்கு அழைத்துப்போனேன். "கையெழுத்து முன்னாடியே வாங்கினதுன்னு அப்பா எத்தனையோ தடவை சொன்னாருங்க. அம்மாவே நம்பல. ரயில்ல பக்கத்துல உக்காந்துக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லலையேன்னு இன்னும் அழுறாங்க. அவங்களுக்கு எண்பத்தி நாலு வயசு. நீங்க ஒரு வரி எழுதிக் கொடுத்தாப் போதும்" என்றார்.

இருதயராஜ் சார் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஞாபகமில்லம்மா" என்றார். பிறகு, "காப்பி சாப்பிட்டுப் போங்க. வெரசாக் கெளம்பினா கடைசி பஸ்ஸப் பிடிச்சிரலாம்" என்றார். பீரோ கதை தெரிந்த நானும் பக்கத்தில் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தேன். அந்தப் பெண் காப்பியைத் தொடவில்லை.

ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு அவரே கொடைக்கானலில் என் அறைக்கு வந்தார். "எழுதிக்கங்க" என்றார். தேதியை அடித்தது தான்தான் என்றார். யார் சொல்லி அடித்தீர்கள் என்று கேட்டேன். ஒரு பெரிய பெயருக்காகப் பேனாவோடு காத்திருந்தேன்.

"ஒருத்தரும் சொல்லலங்க. அன்னிக்குத் தலைவரு பேப்பரப் பாத்துக்கிட்டே, இது ரொம்ப நாளுத் தாங்காதுன்னாரு. அம்புட்டுத்தான். நான் போயி பீரோவத் தொறந்து, அந்தக் கடுதாசிய எடுத்து, தேதிய அடிச்சு மேசையில வச்சேன். படிச்சாரு. என்னைய நிமிந்துகூடப் பாக்கல. ஏத்துக்கிட்டேன்னு எழுதினாரு. மறுமாசம் எனக்குப் பிரமோஷன்."

பிறகு அவரே சொன்னார். "யாராச்சும் மிரட்டி அடிச்சிருந்தேன்னா அந்தப் பொண்ணுகிட்ட அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

நான் எழுதியதை இரண்டு முறை படித்துப் பார்த்து, ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திக் கையெழுத்துப் போட்டார். தேதியையும் அவரே எழுதினார். "நான் போனப்புறம் அனுப்புங்க. அது வரைக்கும் கோயில்ல, கடையில தலைகாட்டணுமில்ல" என்றார். சரி என்றேன். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

மாசியில் அவரை அடக்கம் செய்தோம். ஊரே வந்தது. யாருக்கும் கெடுதல் நினைக்காத மனுசன் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அதுவும் உண்மைதான், அதுதான் என்னைப் போட்டு அறுக்கிறது. அவர் அந்த மனிதரை வெறுக்கவில்லை. எசமானின் முகம் வாடுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்றே அந்த மகளுக்குப் போன் செய்து காகிதத்தை முழுக்கப் படித்துக் காட்டினேன்.

"இதுல ஐப்பசின்னு தேதி இருக்குங்களா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

"அம்மா தை மாசம் போயிட்டாங்க."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "பரவாயில்லங்க, அனுப்பிடுங்க. அம்மா போட்டோ முன்னாடி வச்சுப் படிக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

இருதயராஜ் சாரை அறிந்தவர்களே, அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். காகிதம் போக வேண்டியவரிடம் போய்விட்டது. அவர் நினைவாக என்னிடம் இருப்பது, ஐப்பசி முதல் தை வரை யாரும் என்னை மிரட்டாமலே நான் அதைப் பூட்டிவைத்திருந்த அந்த மூன்று மாதங்கள்தான்.