மீன் பெட்டிக்குள் புரொஜெக்டர்

எங்கள் வீட்டு புரொஜெக்டர் போட்ட சத்தத்தை ஒரு தரம் கேட்டவர்கள் மறுபடி படம் பார்க்க வரமாட்டார்கள். துபாயிலிருந்து திரும்பிவந்த பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவர் வீட்டுப் பரணில் கிடந்ததை என் வீட்டுக்காரர் ஆசை ஆசையாகத் தூக்கிவந்தார். ஏதோ ஆபீஸ் மீட்டிங்குகளில் ஓடித் தேய்ந்த மிஷின். சுவிட்சைப் போட்டால் சுவரில் படம் விழுவதற்கு முன்னால் ஃபேன் கிளம்பிவிடும். ரைஸ்மில்லைத் தலைமாட்டில் வைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். "வாய் அசையுது, என்ன பேசுறாங்கன்னுதான் தெரியல" என்று நான் சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "உனக்குக் காது சரியில்லடி" என்பார். டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறவர் பேசுகிற பேச்சா இது?

அந்தச் சத்தத்தை அடக்கியே ஆகவேண்டும் என்று வந்தது என் அப்பாவால்தான்.

நான் சிதம்பரத்துப் பக்கம். நெல்லும் உளுந்தும் போடுகிற குடும்பம். இவர் கடலூர் முதுநகர், கடலுக்குப் போகிற குடும்பம். எங்கள் கல்லூரி விழாவுக்கு மைக்செட் போட வந்தவரைக் கட்டிக்கொண்டேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு என் பிறந்த வீட்டு மனுஷர் யாரும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு இல்லாவிட்டால் எங்கப்பாவுக்குச் சோறு இறங்காது. ஆனால் மீன் பிடிக்கிற வீட்டுப் பிள்ளை மருமகனாக வரக்கூடாது. இந்த நியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

மகளுக்குத் திருவந்திபுரத்தில் மொட்டையடித்துக் காது குத்தினோம். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். என் தம்பிக்குச் சொல்லி அனுப்பியும் அவன் வரவில்லை. காது குத்துகிற ஆசாரி, "தாய்மாமன் யாருங்க, முன்னாடி வாங்க" என்று கூப்பிட்டதும் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எங்கேயாவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. அப்போது என் மச்சாண்டார், அதாவது வீட்டுக்காரரின் அண்ணன், மணையில் போய் உட்கார்ந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். "தாய்மாமன் வர்ற வரைக்கும் நான் புடிச்சிக்கிறேன்" என்றார். அவ்வளவும் வீடியோவில் பதிவாகியிருந்தது.

பிறகு ஒரு நாள் அம்மா போன் பண்ணினாள். "அப்பா பேத்தியப் பாக்கணும்ங்கிறாருடி. மதியமா வந்துட்டு உடனே கெளம்பிடுவோம்" என்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டுக்காரர்தான் சொன்னார்: "காதுகுத்து வீடியோவப் போட்டுக் காட்டுவோம், செவுரு முழுக்க. அண்ணன் சொன்னத உங்கப்பா தன் காதால கேக்கணும்." எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அந்த ஒரு பேச்சைக் கேட்டால் அப்பா மனசு இளகும், தம்பியை அனுப்புவார், போக்குவரத்து உண்டாகும் என்று நம்பினேன். ஆனால் இந்த ரைஸ்மில் இரைச்சலில் எதைக் கேட்பது?

முதலில் பிளைவுட்டில் ஒரு பெட்டி அடித்து உள்ளே மெத்தை ஸ்பாஞ்சை ஒட்டினார். சத்தம் அடங்கியது. கொஞ்ச நேரத்தில் சூடு தாங்காமல் மிஷினும் அடங்கிவிட்டது. காற்றுக்கு ஓட்டை போட்டால் அந்த ஓட்டை வழியாகவே சத்தமும் வந்தது. தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துவிட்டு மச்சாண்டார், "நம்ம ஐஸ் பெட்டி ஒண்ணு சும்மா கெடக்கு, எடுத்துக்க" என்று லோடு ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். மீனை ஐஸ் போட்டு வைக்கிற பெட்டி. உள்பலகைக்கும் வெளிப்பலகைக்கும் நடுவில் தெர்மோகோல், நல்ல கனம். மிஷினை உள்ளே வைத்தும் சுற்றிக் காற்றோட இடம் இருந்தது. முன்பக்கம் லென்ஸுக்கு நேராக ஓட்டை போட்டுக் கண்ணாடி பதித்தார். பின்பக்கம் கம்ப்யூட்டர் ஃபேனை மாட்டி, காற்று வளைந்து வளைந்து வெளியே போகும்படி தடுப்புப் பலகைகள் அடித்தார். காற்று வளைந்து போய்விடும், சத்தம் பலகையில் முட்டி முட்டித் தேய்ந்துவிடும் என்றார். மூடியைப் போட்டதும் வீடு அமைதியாகிவிட்டது. வீடியோவில் மச்சாண்டார் சொன்னது கணீரென்று கேட்டது.

பெட்டியை மச்சாண்டார் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்துத்தான் கொண்டுவந்திருந்தார். மூன்று பேரும் தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தோம். "ஒண்ணும் வாடை இல்ல" என்றார்கள் அண்ணனும் தம்பியும். எனக்கும் தெரியவில்லை. எங்கள் மூக்கை நம்பினோம் பாருங்கள், அங்கேதான் மோசம் போனோம். மீன் இறங்குகிற ஊரில் குடியிருக்கிற மூக்குக்கு அதெல்லாம் ஒரு வாடையா?

சொன்ன நாளில் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். மச்சாண்டார் சலவை வேட்டியும் இஸ்திரி போட்ட சட்டையுமாக வாசலில் நின்று, "வாங்க சம்பந்தி" என்றார். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். சாப்பிடக் கூப்பிட்டதற்கு, "அப்பறம் பாக்கலாம்" என்றார். கடையிலிருந்து கொண்டுவந்த நீள பெஞ்சில் இரண்டு பேரையும் உட்காரவைத்தோம். என் மகள் அவள் பாட்டி மடியில் ஏறிக்கொண்டாள். அவர்களுக்குப் பின்னால் மேசைமேல் பெட்டி. பெட்டியை ஒட்டி நாற்காலியில் மச்சாண்டார். வெளிச்சம் வராமல் ஜன்னலுக்குப் போர்வை கட்டி, கதவைச் சாத்திப் படத்தைப் போட்டோம்.

மொட்டையடிக்கிற வரைக்கும் நன்றாகத்தான் போனது. மிஷின் சூடேறச் சூடேற, பலகையில் ஊறிக் கிடந்த கவிச்சி அத்தனையும் பின்பக்கக் காற்றோடு கிளம்பியது. எனக்கே அடித்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா முந்தானையை மூக்கில் வைத்தாள். "என்னடி வாடை இது?" என்று திரும்பினாள். அவள் பார்வை பெட்டியில் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த மனுஷர்மேல் நின்றது.

பெட்டிதான் என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? வாய் வரவில்லை. மீன் பெட்டியை நடுவீட்டில் வைத்திருக்கிறோம் என்று அப்பா முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. "கெமிக்கல் கம்பெனி வாடைம்மா. குடிகாட்டுப் பக்கத்துலேர்ந்து காத்து அடிச்சா இப்படித்தான்" என்றேன். மீன் தின்கிறவர்களிடம் சொல்கிற பொய்யா அது? மச்சாண்டார் உடனே, "ஆமாங்க, இன்னிக்குக் காத்து ஜாஸ்தி" என்றார். சொல்லிவிட்டுத் தன் கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். பிறகு சத்தம் காட்டாமல் எழுந்து பின்பக்கம் போனார்.

பின்னாலேயே போய்ப் பார்த்தேன். அடிபம்பு பக்கத்தில் குந்தி, முழங்கை வரைக்கும் சோப்பைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணைத் துணி துவைக்கிற கல்லில் உரசினார். சபை நடுவில் என் மானத்தைக் காப்பாற்றிய கை அது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

உள்ளே வந்தேன். பெட்டியின் மூடியைத் தூக்கிக் கீழே வைத்தேன். ரைஸ்மில் கிளம்பியது. "ஏய், என்னா பண்ற?" என்று வீட்டுக்காரர் பாய்ந்து வந்தார். நான் அப்பாவிடம் போய், "கம்பெனி வாடையும் இல்ல, ஒண்ணும் இல்லப்பா. இது மீன் பெட்டி. எங்க வீட்டு மீன் பெட்டி. நாத்தம் இதுலேர்ந்துதான் வருது" என்று கத்தினேன். சுவரில் அதே நேரம் மச்சாண்டார் பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டார். அவர் வாய் அசைந்தது. ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை.

அப்பா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவரு என்னா சொல்றாரு?" என்று கேட்டார்.

"தாய்மாமன் வர்ற வரைக்கும் நான் புடிச்சிக்கிறேன்னு சொல்றாருப்பா." அந்த இரைச்சலில் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

அப்பா திரும்பிக் காலி நாற்காலியைப் பார்த்தார். "எங்க அவரு? கூப்புடு" என்றார். பெஞ்சில் நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டார்.

ஓடினேன். "மாமா, அப்பா கூப்புடுறாரு வாங்க. வாடை பெட்டியிலேர்ந்துதான் மாமா வருது." அவர் ஈரக் கையை என் பக்கம் நீட்டினார். "இப்ப இருக்காம்மா, பாரு" என்றார். சோப்பு வாசனைதான் வந்தது. "இல்ல மாமா. முன்னாடியும் இல்ல" என்றேன். அழுகை வந்துவிட்டது. அவர் நம்பியதாகத் தெரியவில்லை. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே நிலைப்படி வரைக்கும் வந்தார்.

"உள்ள வாங்க மாமா."

"இருக்கட்டும்மா. இங்கேர்ந்தே நல்லாத் தெரியுது."

படம் முடிகிறவரை அங்கேயே நின்று பார்த்தார். அப்பாவும் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே இருந்தார். பக்கத்தில் அந்த இடம் காலியாகவே கிடந்தது.