செருப்பு வரிசை

பனிக்காலம் வந்தால் போதும், என் நெஞ்சுக்குள் கீச் கீச்சென்று ஒரு சத்தம் தொடங்கிவிடும். வீட்டில் அதற்கு "எளப்பு" என்று பெயர். உடனே அம்மா என்னை அழைத்துக்கொண்டு, சோமனூர் கடைவீதிக்குப் பின்னால் இருந்த டாக்டரம்மாவின் கிளினிக்குக்கு ஓடுவார். அம்மாவுக்கு நூல் மில்லில் வேலை. மில் தொழிலாளர்களுக்கான அரசாங்கக் காப்பீட்டு அட்டையை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டு வைத்தியம் பார்த்த இடம் எங்களுக்குத் தெரிந்து அது ஒன்றுதான். கோயமுத்தூரின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், அட்டையைக் கண்டதும் எங்களை மாடிப்படிக்கு அடியில் உட்காரவைத்துவிட்டு மறந்தே போனார்கள்.

டாக்டரம்மாவிடம் டோக்கன் கிடையாது. காலையில் வருகிறவர்கள் வாசலில் செருப்பை வரிசையாகக் கழற்றி விட்டுவிட்டு, டீக்கடைக்கோ வீட்டுக்கோ போய் வரலாம். செருப்புக்கு எது இடமோ ஆளுக்கும் அதுதான் இடம். ரொக்கக்காரர், அட்டைக்காரர் என்ற பேதமெல்லாம் செருப்புக்கு ஏது?

ஒரு மார்கழிக் காலையில் அம்மாவின் செருப்புதான் முதலில் கிடந்தது. வீட்டுக்கு வந்து என்னைக் கூட்டிப்போவதற்குள் அது சாக்கடையோரம் கிடந்தது. அதன் இடத்தில் பளபளவென்று ஒரு ஜோடி ஷூ. அம்மாவின் மில் மேஸ்திரியுடையது. அவர் பெஞ்சில் காலாட்டியபடி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவரைப் பகைத்தால் வேலை போகும், வேலை போனால் அட்டை போகும், அட்டை போனால் என் மருந்து போகும். எட்டு வயதில் எனக்கே அது தெரியும்.

அம்மா அந்த ஷூவை எடுத்து வரிசையின் கடைசியில் வைத்தார்.

"ஏம்மா, உனக்கு அட்டை வைத்தியந்தானே? சித்த நேரம் பொறுத்தா என்ன? நான் காசு குடுத்துப் பாக்கறவன்" என்றார் மேஸ்திரி.

"ஏனுங்க, எங்க சம்பளத்துல மாசாமாசம் புடிக்கறது காசு இல்லாம புளியங்கொட்டைங்களா? இதென்ன தருமக் கஞ்சிங்களா? புள்ளைக்கு மூச்சு இழுக்குது. நாங்க பாத்துப்போட்டு வாரோம், அப்பறம் நீங்க போங்க."

அத்தனை கோபத்திலும் ஒரு "ங்க" குறையவில்லை. சத்தம் கேட்டு வாசலுக்கு வந்த டாக்டரம்மா, "மொதச் செருப்பு யாருதுங்க?" என்றார். சாக்கடையோரம் கிடந்ததை அம்மா காட்டினார். "உள்ள வா கண்ணு" என்று டாக்டரம்மா என் தோளைப் பிடித்து அழைத்துப்போனார்.

அடுத்த வாரமே அம்மாவைப் பஞ்சடிக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். மில்லிலேயே தூசி அதிகம் பறக்கிற இடம் அது. தானாக வேலையை விட்டுவிடுவார் என்று மேஸ்திரிக்கு நினைப்பு. "குட்டக் குட்டக் குனியறவனும் மடையன்" என்று சொல்லிக்கொண்டே அம்மா முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு பல வருடம் அங்கே நின்றார். அட்டை எங்களிடமே இருந்தது. என் எளப்பும் சரியானது.

டாக்டரம்மா இப்போது இல்லை. கிளினிக் இருந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. இன்று எளப்பு அம்மாவுக்கு. போன மாதம் அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். காப்பீட்டு அட்டையைப் பார்த்ததும் கவுண்ட்டரில் இருந்த பெண், "ஸ்கீமுங்களா? அப்படி ஓரமா உக்காருங்க, கூப்பிடறோம்" என்றாள்.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். "விடு கண்ணு, நமக்கெதுக்கு வம்பு? உக்காந்துக்கலாம்."

மேஸ்திரியிடம் பேசிய வாயா இது? அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுக் கவுண்ட்டருக்குத் திரும்பி வந்தேன். "அம்மாவுக்கு மூச்சு இழுக்குதுங்க. டாக்டரக் கூப்பிடுங்க, நான் இங்கயே நிக்கறேன்" என்றேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். டாக்டர் வந்து அம்மாவை உள்ளே அழைத்துப்போகும்வரை நான் நகரவில்லை.