அவர் நிரவிய மேடு

என் வீட்டுக்காரர் பொக்லைன் ஓட்டுகிறவர். பள்ளம் தோண்டுவதும் மேடு நிரவுவதும்தான் இருபது வருடப் பிழைப்பு. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற மனிதர். அன்று மதியமே வீட்டுக்கு வந்து, பேயறைந்தவர் போலக் கட்டிலில் உட்கார்ந்தார். சாப்பாடும் வேண்டாம் என்றார்.

என் நச்சரிப்பு தாங்காமல்தான் சொன்னார். ஆய்வுக்கு வந்திருக்கும் நிலவியல் மேடத்துக்குப் பத்து நாளாக இவர்தான் குழி வெட்டிக் கொடுக்கிறார். எங்கள் ஆற்றங்கரை மூன்று பெரிய படிகளாக மலைப்பக்கம் ஏறுகிறது. ஒவ்வொரு படியும் ஒரு காலத்தில் ஆறு ஓடிய தரையாம். மழை கொட்டிய காலங்களில் ஆறு கூழாங்கல்லைக் கொண்டுவந்து நிரப்பியதாம்; மலை உயர உயர, அதையே அறுத்துக்கொண்டு கீழே இறங்கியதாம். மேல் படிதான் பழசு.

"அதுக்கென்ன இப்போ?" என்றேன்.

"படியெல்லாம் ஆத்தை ஒட்டியே போகுது. ஒரு மேடு மட்டும் குறுக்கால போகுது. அது ஆறு பண்ணது இல்லையாம். நிலநடுக்கத்துல தரை ஒடிஞ்சதாம். மேல் படியில ரெண்டாள் உயரம் இருக்கு. நடுப் படியில இடுப்பளவு இருக்கணுமாம். பழைய படியில மேடு கூட, புதுப் படியில கம்மி. அப்படின்னா ஒரு தடவை இல்ல, பல தடவை ஒடிஞ்சிருக்கு. இன்னும் ஒடியுமாம்."

"இருக்கணுமாம்னா?"

"பழைய போட்டோல இருக்கு. இப்போ தேடினா காணோம்." தலையைத் தூக்காமலே சொன்னார். "நான்தான் நிரவினேன். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி, வீட்டு மனை போட்டப்போ. அரை நாள் வேலை."

அந்த மனையில்தான் அவர் தங்கை வீடு கட்டி, இரண்டு பிள்ளைகளோடு குடியிருக்கிறாள்.

"மேடத்துக்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாக்குறீங்களா? எந்திரிங்க!" என்று கத்தினேன். செருப்பை மாட்டிக்கொண்டு அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

தங்கை வீட்டுக்குப் போகும் வழியிலேயே மேடத்துக்குப் போன் போட வைத்தேன். அவர் திட்டவில்லை. தரை ஒடிந்த அந்தக் கோடு எந்தெந்த வீட்டுக்கு அடியில் போகிறது என்று மட்டும் கேட்டார். இவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். தங்கை வீட்டை மட்டும் கடைசியாகச் சொன்னார்.

"எப்போ ஒடியும் மேடம்?"

"யாராலயும் சொல்ல முடியாதுங்க. நாளைக்கும் ஆகலாம், நூறு வருஷமும் ஆகலாம். நானா இருந்தா அங்க தூங்க மாட்டேன்."

நாத்தனார் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பெரியவன் பள்ளிக்கூடத்தில், சின்னது உள்ளே தூக்கத்தில். இவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தெருவில் ஒரு லாரி போனது. சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மூன்று பேரும் மூச்சுவிடாமல் நின்றோம்.

அவள் ஈரத்துணியைக் கையில் பிடித்துக்கொண்டே அண்ணனைப் பார்த்தாள்.

"மூணு மனை காட்டினாங்கண்ணா. நீ நிரவின இடம்னு சொன்னதும் மத்த ரெண்டையும் போய்ப் பாக்கவே இல்ல, இதையே வாங்கிட்டேன்."

அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய், தூங்குகிற குழந்தையை அள்ளிக்கொண்டு வெளியே ஓடிவந்தார்.